கடலுக்குப் போக நல்ல மாதம்

உலகத்தில் கடலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், போகாதவர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இன்னோர் இனமும் இருக்கிறது. கடலுக்குப் போக எந்த மாதம் நல்லது என்று சொல்கிறவர்கள். மாதம் பார்ப்பவர்கள் என்று அவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் பெட்டியைக் கட்டி, பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டி, பேருந்துக்காகச் சதுக்கத்தில் நிற்கும்போது ஒருவர் மெதுவாக வருவார். உங்கள் பெட்டியைப் பார்ப்பார், பிறகு வானத்தைப் பார்ப்பார், பிறகு உங்களைப் பார்ப்பார், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்ப்பதுபோல. "இப்பவா போறீங்க?" என்பார். அவ்வளவுதான். உங்கள் விடுமுறையில் ஒரு நாள் அங்கேயே செத்துவிடும்.

அவர் கெட்டவரா? இல்லவே இல்லை. உங்கள் நன்மைக்காகத்தான் கேட்கிறார். போகவேண்டாம் என்று அவர் வாயால் ஒருநாளும் வராது. "போகலாம், ஆனா" என்பார். அவருடைய கல்வி முழுவதும் அந்த ஆனாவுக்குள் இருக்கிறது. பிப்ரவரி என்றால் காற்று. ஜூன் என்றால் பாசி. ஜூலை என்றால் தலைநகரத்துக் கூட்டம் முழுக்க அங்கேதான், கடலில் தண்ணீரைவிட ஆட்கள் அதிகம். நீங்கள் எல்லாவற்றையும் மீறிப் போய், தோல் கறுத்து, முகம் மலர்ந்து, காதில் மணலோடு திரும்பி வருகிறீர்கள். தண்ணீர் எப்படி இருந்தது என்று கேட்பார். ரொம்ப நன்றாக இருந்தது என்பீர்கள். "போன மாசம் இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்பார், அன்போடு.

இன்னொன்றும் கவனியுங்கள். இவர் கடலோரத்தில் வசிக்கவே மாட்டார். கடலோரத்தில் பிறந்தவனிடம் எந்த மாதம் நல்லது என்று கேட்டால், சட்டையைக் கழற்றிவிட்டு வா என்பான். மாதம் பார்க்க மலை வேண்டும். தூரம் வேண்டும். எங்கள் ஊர் கொன்ஸ்தான்சா மலைமேல் இருக்கிறது, கடலுக்குப் போகப் பகல் முழுக்க ஆகும், காலையில் கம்பளித் தொப்பி இல்லாமல் வெளியே வர முடியாது. இங்கே பூண்டு விளைகிறது, காரட் விளைகிறது. மாதம் பார்ப்பவர்கள் அவற்றைவிடச் செழிப்பாக விளைகிறார்கள்.

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இந்த இனத்தில் ஒருவருக்குத் தினமும் காலையில் கண்ணாடியில் நான்தான் சவரம் செய்கிறேன்.

வானத்தைப் படிக்கப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்பது எங்கள் முதல் நம்பிக்கை. அதற்கு முறை இருக்கிறது. புது வருஷத்தின் முதல் நாள் வானம் எப்படியோ ஜனவரி மாதம் அப்படி. இரண்டாம் நாள் எப்படியோ பிப்ரவரி அப்படி. இப்படிப் பன்னிரண்டு நாளைப் பார்த்தால் வருஷமே கையில். கபான்யுவேலா என்று இதற்குப் பெயர். ஒவ்வொரு ஜனவரியும் நான் பின்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, காபியோடு உட்கார்ந்து, ஜெபமாலையை ஒரு சுற்று முடித்துவிட்டு மேலே பார்ப்பேன். என் சவ்சவ் பந்தலுக்கு மேலே தெரிகிற வானத்தை வைத்து, மலைகளைத் தாண்டி எங்கோ இருக்கிற கடலுக்குத் தீர்ப்பு எழுதுவேன். ஆண்டவர் பன்னிரண்டு மாதங்களையும் படைத்து நல்லது என்று கண்டார். நான் அதற்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன்.

என் மச்சான் பிளீனியோ, என் மனைவி நெரெய்தாவின் தம்பி, முடிதிருத்துபவன். அவனும் எங்கள் இனம்தான், ஆனால் வேறு கிளை. பன்னிரண்டு நாளோடு நிறுத்தக்கூடாது, அடுத்த பன்னிரண்டு நாளை டிசம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணிச் சரிபார்க்கவேண்டும் என்பான். என் கணக்கில் மழை என்றால் அவன் கணக்கில் வெயில். நாங்கள் வாதாடும்போது அவன் கடையில் பாதித் தலை வெட்டப்பட்ட ஆட்கள் துணியைப் போர்த்திக்கொண்டு, அழவும் முடியாமல் எழவும் முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

இப்படி யாருக்கும் பெரிய கெடுதல் இல்லாமல் என் வித்தை நடந்துகொண்டிருந்தது, கடலுக்குப் போகிற வாய்ப்பு என் வீட்டுக்கே வந்து சேரும்வரை.

எங்கள் மகள் யுதெல்கா கிழக்குக் கரையில் ஒரு பெரிய விடுதியில் வேலை பார்த்தாள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற இடம். சாப்பாடு, குடி, குளியல், மாலையில் ஆட்டம் எல்லாம் அடக்கம், கையில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டால் போதும். அறைகளில் படுக்கை விரிப்பது அவள் வேலை. துண்டை மடித்து அன்னம் செய்து படுக்கைமேல் உட்கார வைப்பாள். கொஞ்ச வருஷம் வேலை பார்த்தவர்கள் தங்கள் தாய் தகப்பனை ஒரேயொரு தடவை விருந்தாளியாகக் கூட்டிவந்து மூன்று இரவு தங்கவைக்கலாம், அந்த வேலையில் இருக்கும்வரைதான் என்று அங்கே ஒரு வழக்கம். அவள் புருஷன் ஸ்பெயினுக்குப் போய்விட்டார். விசா வந்ததும் அவளும் போகவேண்டும். கிறிஸ்துமஸ் அன்று பேசினாள்.

"அப்பா, அம்மா ஒரு தடவையாவது நான் விரிக்கிற படுக்கையில படுக்கணும். நான் இங்க இருக்கும்போதே வாங்க. எப்ப வேணும்னாலும் வாங்க."

எப்போது வேண்டுமானாலும் என்ற சொல்லை எங்கள் இனத்தின் கையில் கொடுக்கக் கூடாது. குழந்தை கையில் தீப்பெட்டியைக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஜனவரியிலேயே போய்விடலாமே என்றாள் நெரெய்தா. நான் சிரித்தேன். ஜனவரியில் நான் கிளம்பிவிட்டால் வானத்தை யார் பார்ப்பது? வாழ்க்கையில் ஒரே தடவை கிடைக்கிற மூன்று நாளைக் கண்ணை மூடிக்கொண்டா எடுப்பது? நல்ல மாதமாகப் பார்த்து உன்னை அழைத்துப் போகிறேன் என்றேன். அவள் சரி என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சரி என்பதில் எத்தனை வகை இருக்கிறது என்று நான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஜனவரி நான் பார்த்ததுபோல யாரும் வானத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். கழுத்துப் பிடித்துக்கொண்டது. பிப்ரவரியில் காற்று என்று வந்தது, தள்ளிவைத்தேன். மார்ச் நன்றாக இருக்கும் என்று வந்தது. ஆனால் மார்ச் தவக்காலம். தவக்காலத்தில், நம் ஆண்டவர் பாலைவனத்தில் பட்டினி கிடந்ததை நினைத்துக்கொண்டு, கையில் பட்டை கட்டி இறால் சாப்பிடலாமா? பங்குச்சாமி அன்செல்மோவிடம் போய், இது பாவமா என்று கேட்டேன்.

"அது பாவமா இருக்கணும்னு ஆசைப்படுறியா?" என்றார்.

இல்லை சாமி, தெரிந்துகொள்ளத்தான் என்றேன். போய் நெரெய்தாவைச் சந்தோஷப்படுத்து, அதையே தவமுயற்சியாக வைத்துக்கொள் என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் மழை காற்று பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

புனித வாரத்தில் நாடே கடலுக்குப் போகும். ஆனால் பெரிய வெள்ளியன்று கடலில் இறங்கினால் மீனாக மாறிவிடுவோம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நான் அதை நம்புகிறேனா? நம்பவில்லை. ஆனாலும் நெரெய்தாவை வைத்துச் சோதித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டிலேயே இருந்து, தேங்காய்ப்பால் ஊற்றிச் சர்க்கரை போட்ட பீன்ஸ் கஞ்சியைக் காய்ச்சி, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தோம். பிள்ளை கூப்பிட்டாளே, இன்னும் போகவில்லையா என்று அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். நல்ல மாதத்துக்காகக் காத்திருக்கிறோம் என்றேன். நெரெய்தா அகப்பையைக் கொஞ்சம் வேகமாகப் போட்டாள்.

மே மாதம் மழை. அதில் சந்தேகமே இல்லை. ஜனவரி ஐந்தாம் தேதி விடிகிற நேரத்தில் என் தலையிலேயே விழுந்த மழை அது. வருஷத்திலேயே மிகத் தெளிவாக வந்த கணிப்பு. ஜூனில் கரை முழுவதும் பழுப்புப் பாசி ஒதுங்கி அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதாம், மீன் வண்டிக்காரர் சொன்னார். ஜூலையில் கூட்டம். ஆகஸ்டில் புயலுக்கு முதல் பெயரோ இரண்டாம் பெயரோ வைத்துவிட்டார்கள். செப்டம்பரில் புயல் இல்லை, ஆனால் புயல் வரவில்லையே என்ற பயம் இருந்தது. ஒவ்வொரு மாதமும் நான் காரணம் சொல்ல, யுதெல்கா தொலைபேசியில், "சரிப்பா, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்பாள். அம்மாவின் சரியைப் பிள்ளையும் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. தினமும் மாதாவிடம், நல்ல மாதத்தைக் காட்டம்மா என்று வேண்டிக்கொள்வேன். பக்கத்தில் முட்டிபோட்டு நெரெய்தாவும் ஏதோ வேண்டுவாள். என்னவென்று நான் கேட்டதில்லை.

நவம்பர்தான் என்று முடிவு செய்தேன். கடைசி வாரம். புயல் போயிருக்கும், கூட்டம் வந்திருக்காது, பாசி அடங்கியிருக்கும், காற்று எழும்பியிருக்காது. பிளீனியோகூட ஒத்துக்கொண்டான், அரை மனதோடு. அக்டோபர்தான் தங்கம், தன் பின்கணக்கு அப்படித்தான் சொல்கிறது என்று முனகிக்கொண்டே. அக்டோபரா? எங்கள் நாட்டில் மாடுகூட அக்டோபரில் கடலைப் பார்க்காது.

அக்டோபர் தொடக்கத்தில் ஒரு நாள் யுதெல்கா கூப்பிட்டாள். விசா வந்துவிட்டது. மாதக் கடைசியில் விமானம். வேலையை விடுவதற்கு முன்னால் இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது.

ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும், என் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை, "அக்டோபர்லயா?" என்பதுதான்.

நெரெய்தா அடுப்படியில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. கத்தியைக் கழுவி, துடைத்து, மேசைமேல் வைத்தாள்.

"ஏங்க, அவ ஸ்பெயினுக்குப் போனதுக்கப்புறம் அந்த ரூம்ல போய்ப் படுக்க எந்த மாசம் நல்லா இருக்கும்னு பாத்துச் சொல்லுங்க. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."

மறுநாள் விடியும் முன்பே அடுப்பில் பெரிய குண்டானில் ஸ்பகெட்டி வெந்துகொண்டிருந்தது. எங்கள் நாட்டில் ஒரு பெண்பிள்ளை காலங்காலையில் குண்டான் நிறைய ஸ்பகெட்டி கிளறி, மூடியைத் துணியால் கட்டி, மேலே நீளரொட்டிகளைச் செருகிவிட்டால் அவள் கடலுக்குப் போகிறாள் என்று அர்த்தம். யாரும் எதையும் கேட்கவேண்டியதில்லை. அங்கே எல்லாம் அடக்கம், சாப்பாடு கொட்டிக் கிடக்கும் என்று மட்டும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். கடலுக்கு வெறுங்கையோடு போகிற குடும்பத்தில் தான் பிறக்கவில்லை என்றாள். குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினேன்.

பேருந்தில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பக்கத்து இருக்கைக்காரரிடம், முன் இருக்கை அம்மாளிடம், அக்டோபரின் குணத்தை விளக்கிக்கொண்டே வந்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "பெரியவரே, மே மாசத்துக்குப் போற பஸ் முன்னாடியே போயிடுச்சு, இது ஒண்ணுதான் இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மே மாதம் மழை ஐயா, நான் என் கண்ணால் பார்த்தேன், என் தலையில் விழுந்தது என்றேன்.

"அது மழையே இல்ல," என்றாள் நெரெய்தா, ஜன்னலைப் பார்த்தபடி.

"என்னது?"

"அன்னிக்கு மழையே இல்ல. ரொம்ப நாள் கழிச்சுத் தெருவுக்குத் தண்ணி விட்டாங்க. பக்கத்து வீட்டு ஹெனாரோவோட மாடித் தொட்டி ரொம்பி வழிஞ்சுது. அதுதான் உங்க தலையில விழுந்துச்சு."

"ஏன் அப்பவே சொல்லல?"

"நீங்க அதை விரலால தொட்டு நெத்தியில சிலுவை போட்டுக்கிட்டீங்க. நான் எப்படிங்க சொல்றது?"

மே மாதம் முழுவதும் கிழக்குக் கரையில் வெயில் கொளுத்தியது என்று முன் இருக்கை அம்மாள் சொன்னார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

நாங்கள் போய் இறங்கியபோது மழை. சும்மா மழையில்லை, கடலும் வானமும் ஒரே சாம்பல் துணியாகத் தொங்குகிற மழை. தென்னை மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. என் நெஞ்சுக்குள் ஒரு சின்ன ஆனந்தம் எழுந்ததை நான் மறைக்க மாட்டேன். எங்கள் இனத்துக்கு வெயிலைவிடத் தன் வாக்குப் பலிப்பது இனிப்பானது. வாசலில் காவல்காரர் குண்டானைத் தடுத்தார். வெளிச்சாப்பாடு உள்ளே வரக்கூடாது. நெரெய்தா மூடியைக் கொஞ்சம் திறந்து காட்டினாள். அவர் வாசனை பிடித்தார். பக்கத்துக் கூண்டிலிருந்து ஒரு தட்டை எடுத்துவந்தார். நாங்கள் உள்ளே போனோம்.

அறையைப் பற்றி என்ன சொல்ல? கோயில்போலப் பளபளத்தது. கட்டில் எங்கள் அடுப்படி அளவுக்கு இருந்தது. நடுவில் துண்டில் செய்த இரண்டு அன்னம், கழுத்தோடு கழுத்து சேர்ந்து நின்றன. நெரெய்தா அவற்றைக் கலைக்க மாட்டேன் என்றாள். மூன்று நாளும் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய துண்டால்தான் துடைத்துக்கொண்டாள்.

யுதெல்கா சீருடையோடு வந்து வாசற்படியிலேயே நின்றாள். விருந்தாளி அறையில் உட்காரக் கூடாது என்று அவளுக்குப் பழக்கம். வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள், வாடிக்கைக் குரலில். பிறகு தானே சிரித்துவிட்டாள், கண் கலங்கியது.

"கதவைச் சாத்து," என்றாள் அவள் அம்மா. "செருப்பைக் கழட்டு. வந்து படு."

மழையால் விருந்தாளிகள் பாதிப்பேர் வரவில்லை, அறைகள் காலி, வேலை மத்தியானத்தோடு முடிந்தது. வெயில் அடித்திருந்தால் அந்தப் பிள்ளை நாள் முழுக்கப் படுக்கை விரித்துக்கொண்டிருப்பாள், நாங்கள் அவளைத் தாழ்வாரத்தில் தள்ளுவண்டியோடு பார்த்திருப்போம். இது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அப்போது புரியவில்லை. அப்போது நான் பால்கனியில் இருந்தேன். தாயும் மகளும் கட்டிலில் படுத்து, குண்டானை நடுவில் வைத்து, ரொட்டியைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டு, நாளைக்கு ஒரு பிரசவம் என்றால் யார் வருவார், ஸ்பெயின் குளிரில் தலைக்கு எண்ணெய் வைக்கலாமா, மாமியார் எப்படிப்பட்டவர் என்று பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணாடிக் கதவைக் கொஞ்சம் திறந்து, "மேக்கால கொஞ்சம் வெளுக்குது" என்று செய்தி சொல்வேன். "சரிப்பா," என்பாள் யுதெல்கா, தலையைத் திருப்பாமல். மறுபடி போய் வானத்தைப் பார்ப்பேன். யாரும் கேட்காத அறிக்கையை இவ்வளவு ஒழுங்காக யாராவது கொடுத்திருப்பார்களா?

கடைசிக் காலை மழை நிற்கவில்லை, இளைத்திருந்தது. அவர்கள் இருவரும் உடுத்தின துணியோடு கடலுக்கு நடந்தார்கள். நான் ஓலைக்குடைக்குக் கீழே நின்றேன். அங்கே கனடாவிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி நாற்காலியில் சாய்ந்திருந்தார்கள். எங்கள் மொழி கொஞ்சம் தெரிந்தவர்கள். எனக்குப் போதாதா? நீங்கள் பிப்ரவரியில் வந்திருக்கவேண்டும் என்று ஆரம்பித்தேன். போன வருஷம் பிப்ரவரியில்தான் வந்தோம், ஒரே காற்று என்றார் அந்தக் கிழவர், தொப்பியை முகத்தின்மேல் இறக்கிக்கொண்டே.

தண்ணீருக்குள்ளிருந்து யுதெல்கா கூப்பிட்டாள். நான் கையைக் காட்டினேன். கொஞ்சம் பொறு, மேகம் விலகப்போகிறது, வெயில் வந்ததும் இறங்குகிறேன். மறுபடி கூப்பிட்டாள். நான் மறுபடி மேலே பார்த்தேன். கிழக்கே ஒரு கிழிசல் தெரிந்தது, அது பெரிதாகிறதா சிறிதாகிறதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அவள் தண்ணீரிலிருந்து எழுந்து வந்தாள். முடியிலிருந்து நீர் சொட்டச் சொட்ட என் முன்னால் நின்றாள். சின்னப் பிள்ளையில் காய்ச்சலோடு பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நின்ற அதே முகம்.

"அப்பா, நான் போறேன்ல," என்றாள்.

அதற்கு எந்த மாதத்தில் பதில் இருக்கிறது? குடையைக் கனடாக்காரரிடம் கொடுத்துவிட்டு, கால்சட்டையோடு, கம்பளித் தொப்பியோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது, மழையைவிட. ஓர் அலை வந்து மூன்று பேரையும் ஒன்றாக உட்கார வைத்தது. நெரெய்தா இருபது வருஷமாகச் சிரிக்காத சிரிப்பொன்று சிரித்தாள். யுதெல்கா என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள், நான் அவள் தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், வகிடு, அதில் ஒட்டிய மணல், காதோரம் அவள் அம்மாவுக்கு இருப்பதுபோலவே ஒரு மச்சம்.

அப்போது மேகம் விலகி நல்ல வெயில் அடித்ததாம். நெரெய்தாதான் சொன்னாள். நான் பார்க்கவில்லை.

திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். போன வாரம் ஸ்பெயினிலிருந்து யுதெல்கா கூப்பிட்டாள். பேரப்பிள்ளை வரப்போகிறதாம், எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள். அங்கே பனி எந்த மாதம் விடும் என்று நான் வாயைத் திறப்பதற்குள் நெரெய்தா தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

நீங்கள் சிரித்திருப்பீர்கள், சிரியுங்கள். ஆனால் ஒன்று சொல்லுங்கள். இதைப் படித்துக்கொண்டு வரும்போது எங்கேயோ ஓர் இடத்தில், இந்த ஆள் மார்ச்சிலேயே போயிருக்கலாம், இல்லை மே மாதம் போயிருக்கலாம் என்று மனதுக்குள் ஒரு மாதத்தைக் குறித்தீர்களா, இல்லையா? அப்படியா. எங்கள் பின்கட்டில் இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. வரும்போது கம்பளித் தொப்பி எடுத்து வாருங்கள்.